தப்பு பண்ணுங்க... கைதட்டல் வாங்குங்க!

திங்கட்கிழமை. முதல் ஹவர். செமினார்.

"ரோல் நம்பர் 37, நீ வா" என்கிறார் ஹெச்.ஓ.டி.

37 எழுந்து போகிறார். ராத்திரி 2 மணி வரைக்கும் கண்ணாடி முன்னாடி நின்று மனப்பாடம் பண்ணின பேச்சு. 'குட் மார்னிங்' வரைக்கும் சரியாத்தான் வருது. அடுத்த வரி? காலி! தொண்டை வறண்டு போச்சு. கையில் இருக்கிற பேப்பர் தந்தி அடிக்குது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு 'க்ளுக்'. அவ்வளவுதான். தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தார் 37. அதுக்கப்புறம் அந்த செமஸ்டர் முழுக்க அவர் கிளாஸில் பேசினது ரெண்டே வார்த்தைதான். 'பிரசன்ட் சார்!'

உங்க கிளாஸ்லயும் ஒரு 37 இருக்காரா? யோசிச்சுப் பாருங்க. ஒருவேளை... அந்த 37 நீங்களேதானா?

பாடம் தெரியாததால் வாய் மூடினவர் இல்லை இவர். 'தப்பாச் சொல்லிட்டா எல்லாரும் சிரிப்பாங்களே' என்ற பயம்தான் வாயைக் கட்டிப் போட்டது. அது செமினாரோடு நிற்பதில்லை. டவுட் கேட்க பயம், கேன்டீனில் புதுசா ஒருத்தரிடம் பேச பயம், கேம்பஸ் இன்டர்வியூ என்றால் முதல் நாளே வயிற்றைக் கலக்குது. கடைசியில் ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கிறதுதான் நிம்மதி என்று ஆகிவிடும்.

இவருக்கு நாம எல்லோரும் சொல்ற அட்வைஸ் என்ன? "தைரியமாப் பேசுப்பா!" நீச்சல் தெரியாதவரிடம் கரையில் நின்னுக்கிட்டு, "நல்லா நீந்துப்பா" என்று சொல்ற மாதிரி! நீச்சல் வரணும்னா தண்ணியில இறங்கணும். முதல் நாளே கிணத்துல தள்ளிவிடாம, முழங்கால் அளவுத் தண்ணியில இறக்கணும்.

அந்த முழங்கால் அளவுத் தண்ணிக்குப் பேர்தான் இம்ப்ராவ்!

இது நமக்குப் புதுசா?

'இம்ப்ரூவ்' இல்லீங்க, 'இம்ப்ராவ்'. கையில் ஸ்கிரிப்ட் கிடையாது, ஒத்திகை கிடையாது. எதிரில் இருப்பவர் என்ன சொல்றாரோ அதைப் பிடிச்சுக்கிட்டு, அந்த நொடியில் தோணுறதைச் சொல்லணும், செய்யணும். இதன் அடிப்படைப் பயிற்சிகள் எல்லாமே சின்னச் சின்ன விளையாட்டுகள்தான்.

நமக்கு இது புதுசே இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அந்தந்த ஊர் விஷயத்தை அங்கேயே இழுத்துப் போட்டு வெளுத்து வாங்குவாரே, அது என்ன? கச்சேரியில் வித்வான் மனோதர்மமாக ராகத்தை விரிக்கிறாரே, அது என்ன? அவ்வளவு ஏன், நம்ம கல்ச்சுரல்ஸ் ஆட்ஸாப்! கையில் ஒரு பழைய செருப்பைக் கொடுத்து, "இதுக்கு விளம்பரம் பண்ணு" என்றால் ரெண்டே நிமிஷத்தில் டீமே மேடையில் கலக்குமே, அதுவும் இதே ஜாதிதான்.

ஆனா ஒரு வித்தியாசம். ஆட்ஸாப்பில் மேடை ஏறுவது நாலைந்து பேர். கீழே 400 பேர். சொதப்பினா 'ஓ'ன்னு கத்தி இறக்கிடுவாங்க. அதனால ஏற்கெனவே வாய் உள்ள பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். நம்ம 37 வாலன்டியர் பேட்ஜ் குத்திக்கிட்டு தண்ணி பாட்டில் தூக்கிக்கிட்டு இருப்பார்.

இங்கே நாம பேசப்போவது மேடையே இல்லாத இம்ப்ராவ் பத்தி. பார்வையாளர் கிடையாது. ஜட்ஜ் கிடையாது. எல்லோரும் வட்டத்துக்குள்ளே!

சிகாகோவில் பிறந்த விளையாட்டு

இது காமெடியன்களுக்காகக் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சா, அது தப்பு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹல் ஹவுஸ் என்று ஒரு சமூக சேவை மையம். ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற ரெண்டு பெண்கள் 1889-ல் ஆரம்பித்தது. சுற்றிலும் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள். ஆளுக்கொரு மொழி. அங்கே நேவா பாய்ட் என்ற ஆசிரியை, விளையாட்டு மூலமாகவே பிள்ளைகளைப் பழக வைக்கலாம் என்று பயிற்சி கொடுத்து வந்தார். 1924-ல் அவரிடம் படிக்க வந்தவர் வயோலா ஸ்போலின்.

1930-களின் கடைசியில் அரசுத் திட்டம் ஒன்றில் நாடகப் பொறுப்பு ஸ்போலின் கைக்கு வந்தது. எதிரே, ஒருத்தர் மொழி இன்னொருத்தருக்குச் சரியாகப் புரியாத பிள்ளைகள். வசனத்தைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னா நடக்குமா? அதனால விளையாட்டாகவே நாடகம் சொல்லிக் கொடுத்தார். அந்த விளையாட்டுகளைத் தொகுத்து 1963-ல் புத்தகமாகவும் போட்டார். அவர் மகன் பால் சில்ஸ் இதையே எடுத்துக்கொண்டு போய் 1959-ல் சிகாகோவில் நண்பர்களோடு ஆரம்பித்ததுதான், உலகப் புகழ்பெற்ற 'செகண்ட் சிட்டி' காமெடி அரங்கு.

ஆக, முதலில் வந்தது பேச முடியாமத் தவிச்ச பிள்ளைகள். காமெடி அப்புறம்தான் வந்தது. தமிழ் மீடியத்தில் படிச்சுட்டு வந்து, முதல் வருஷம் இங்கிலீஷ் கிளாஸில் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவங்களுக்கு இந்தக் கதை நல்லாவே புரியும்!

இங்கிலாந்திலும் ஒருத்தர் இருந்தார். கீத் ஜான்ஸ்டன். முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு நாடகக்காரர். பள்ளிக்கூடம் தன்னிடமிருந்து கற்பனையைப் பிடுங்கிக்கிட்டதாகவே நினைத்தவர். தப்புப் பண்ணினா முகம் சுருங்காம, சிரிச்சுக்கிட்டே மறுபடி விளையாடணும் என்பது அவர் பாடம். 1979-ல் வெளியான அவருடைய 'இம்ப்ரோ' புத்தகத்தை நாடகக்காரர்கள் இன்னிக்கும் கையில் வெச்சிருக்காங்க. 2023-ல் மறைந்தார்.

தலைக்குள்ளே ஒரு அம்பயர்

சரி, விளையாடினா மனசுக்கு எப்படி நல்லது?

கூட்டத்துக்கு முன்னாடி நிற்கும்போது நமக்குள்ளே ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் ஆடுறவர். இன்னொருத்தர் அம்பயர். 'குரல் நடுங்குது... அவ சிரிக்கிறா... வேர்க்குது பார்' என்று அம்பயர் பந்துக்குப் பந்து விரலைத் தூக்கினா ஆடுறவர் எப்படி ரன் எடுப்பார்? சமூகப் பதற்றம் உள்ளவர்களின் கவனம் முழுக்கத் தன் மேலேயே இருக்கும் என்பது உளவியலாளர்கள் சொல்வது. இம்ப்ராவ் விளையாட்டில் பந்து எந்த நொடியும் உங்ககிட்ட வரலாம். அதனால எதிரில் இருப்பவரைக் கவனிச்சே ஆகணும். அம்பயருக்கு நேரமே கிடைக்காது!

2008-ல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரவுன் என்ற ரெண்டு பேர் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள்ளே படுக்க வைத்து வாசிக்கச் சொன்னாங்க. மனப்பாடமான டியூனை விட்டுவிட்டு சொந்தமாகக் கற்பனை பண்ணி வாசித்தபோது, மூளையில் நம்மை நாமே கண்காணிக்கிற வேலையோடு தொடர்புடைய ஒரு பகுதியின் செயல்பாடு குறைந்தது. அவங்க கைதேர்ந்த கலைஞர்கள், நாம இல்லை. ஆனாலும் அம்பயரை உட்கார வைக்க முடியும் என்பதற்கு அது ஒரு ஜாடை.

ரெண்டாவது, பயம் ஒதுங்க ஒதுங்கத்தான் வளரும். செமினாரைக் கட் அடிச்சா இன்னிக்கு நிம்மதி, அடுத்த செமினாருக்கு ரெட்டிப்புப் பயம். கொஞ்சம் கொஞ்சமாக எதிரே போய் நின்று பழகுவதுதான் மருத்துவர்களும் கையாளுகிற வழி. 3 விநாடி உளறி, ஒண்ணும் ஆகலைன்னு கண்ணால பார்க்கிறது அதுக்கு நல்ல ஆரம்பம்.

ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 10 வாரம் பள்ளியிலேயே இம்ப்ராவ் வகுப்பில் கலந்துகொண்ட 268 மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஆரம்பத்தில் சமூகப் பதற்ற அறிகுறிகள் இருந்தவங்களுக்கு, வகுப்பு முடிந்தபோது அவை குறைந்திருந்தன. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க, விளையாடாத குழு ஒன்று அதில் இல்லை. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில் அந்தக் குறையும் இல்லை. ஒரு குழு 20 நிமிஷம் இம்ப்ராவ் விளையாடியது, இன்னொரு குழு எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்தது. நிச்சயமின்மையைத் தாங்குவதில் இம்ப்ராவ் குழு முன்னே நின்றது. எல்லாம் சின்ன அளவு ஆய்வுகள்தான். 'சர்வரோக நிவாரணி' என்று யாராவது வித்தால் வாங்காதீங்க!

வாங்க, விளையாடலாம்!

8 பேர், காலி வகுப்பறை, முக்கால் மணி நேரம். செலவு? சைபர்!

1. ஸிப் - ஸாப் - ஸோப்: வட்டமா நில்லுங்க. ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்துக் கை தட்டி 'ஸிப்' சொல்லணும். வாங்கினவர் வேற ஒருத்தருக்கு 'ஸாப்', அவர் இன்னொருத்தருக்கு 'ஸோப்'. வேகத்தைக் கூட்டிக்கிட்டே போங்க. யாராவது கண்டிப்பா உளறுவாங்க. அங்கேதான் விஷயமே! உளறினவர் ரெண்டு கையையும் மேலே தூக்கி, "தப்புப் பண்ணிட்டேன்!" என்று கத்தணும். மொத்த வட்டமும் கைதட்டி விசில் அடிக்கணும். பத்து நிமிஷத்துல பாருங்க, தப்புப் பண்ணாதவங்க முகத்துல ஒரு ஏக்கமே தெரியும்!

2. கண்ணாடி: ஸ்போலின் கொடுத்த பயிற்சி. ஜோடியா எதிரெதிரே நில்லுங்க. ஒருத்தர் மெதுவா அசையணும், இன்னொருத்தர் கண்ணாடி பிம்பம் மாதிரி அதையே செய்யணும். 2 நிமிஷம் கழிச்சு மாத்திக்குங்க. கடைசியில் யார் தலைவர் என்றே இல்லாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பின்தொடரணும். பேச்சே வேண்டாம். அதிகம் பேசாதவங்க இதுல சென்டம் வாங்குவாங்க.

3. ஆமா... அப்புறம்: ஜோடியா டூர் பிளான் போடுங்க. முதல் ரவுண்டில் பதில் எல்லாம் 'ஆனா'வில்தான்.

"கொடைக்கானல் போலாமா?"

"போலாம். ஆனா குளிருமே!"

"ஸ்வெட்டர் எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாம். ஆனா பஸ்ல எனக்கு வாந்தி வருமே!"

டூர் கேன்சல்! ரெண்டாவது ரவுண்டில் எதுக்குமே 'ஆமா... அப்புறம்'.

"கொடைக்கானல் போலாமா?"

"ஆமா! அப்புறம், ஏரியில ஹெச்.ஓ.டி.யை போட் ஓட்டச் சொல்லலாம்!"

"ஆமா! அப்புறம், அவர் போட்லயே அட்டெண்டன்ஸ் எடுப்பார்!"

"ஆமா! அப்புறம், மீனெல்லாம் எட்டிப் பார்த்து 'பிரசன்ட் சார்' சொல்லும்!"

ரெண்டு ரவுண்டுலயும் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்க. நாம சொன்னதை ஒருத்தர் தட்டிவிடாம ஏத்துக்கிட்டா எப்படி இருக்கும் என்று அப்போ தெரியும்.

4. ஆளுக்கு ஒரு சொல்: வட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு சொல் சொல்லி ஒரு கதையை நகர்த்தணும். தமிழில் இது இன்னும் தமாஷ். வினைச்சொல் கடைசியில்தானே வரும்! 'நேத்து... ராத்திரி... வார்டன்... என்... செருப்பை...' வரைக்கும் எல்லோரும் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. அடுத்தவர் 'பக்குவமா' என்பார். கடைசி ஆள் 'வறுத்தார்' என்று முடிப்பார். நம்ம திட்டம் போச்சு! போனா என்ன? அந்த அதிர்ச்சியைச் சிரிச்சுக்கிட்டே தாங்கிப் பழகுறதுதான் பயிற்சி.

5. வெளிநாட்டு விஞ்ஞானி: ஒருத்தர் இல்லாத மொழியில் உளறணும். பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கணும். சப்ஜெக்ட்: மெஸ் சாம்பார்.

"சிமாலு பகடா டொய்ங்கா!"

"இந்தச் சாம்பாரில் பருப்பு இருந்ததற்கான தடயம் இதுவரை கிடைக்கவில்லை என்கிறார்."

இலக்கணம் இல்லாத மொழியில் தப்பு எப்படி வரும்? இங்கிலீஷ் பேச பயப்படுறவங்க முதல் தடவையா நாலு பேர் முன்னாடி முழுசா ஒரு நிமிஷம் பேசுவாங்க. அது போதும், ஆரம்பத்துக்கு.

கண்டிஷன்ஸ் உண்டு!

இதே விளையாட்டை ஒரு சீனியர், ஜூனியரைக் கூப்பிட்டு "ஏய், நடிச்சுக் காட்டு" என்றால் அதுக்குப் பேர் இம்ப்ராவ் இல்லை. ராகிங்! அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்தாச்சு. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு ஒரே ஒரு சொல்தான்: 'வேண்டாம்'. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாம, "நான் பாஸ்" என்று ஒதுங்கி உட்கார எல்லோருக்கும் உரிமை இருக்கணும். உட்கார்ந்து பார்க்கிறதும் பங்கெடுக்கிறதுதான்.

செல்போன்கள் பைக்குள்ளே. ஒரே ஒரு கேமரா வெளியே வந்தாலும், வட்டம் மேடை ஆயிடும். 37 உளறினது ரீல்ஸா சுத்தினா, அந்தக் காயம் ஆற எத்தனை செமஸ்டர் ஆகுமோ!

ஜாதி, நிறம், உடம்பு, ஊர்ப் பேச்சு... இதை வெச்சு ஜோக் கூடாது. 'உன் வாழ்க்கையில் மறக்க முடியாத சோகத்தை நடி' மாதிரி விபரீதங்களும் கூடாது. அதையெல்லாம் தொடுறதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. நாம மெஸ் சாம்பாரோட நிறுத்திக்குவோம்.

விளையாட்டு போதாத நேரம்

ஒண்ணு சீரியஸாச் சொல்லணும். இம்ப்ராவ் மருந்து இல்லை. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, பிடிச்சது எதுவுமே பிடிக்கலை, 'இருந்து என்ன பண்ண' என்று தோணுது... இப்படி இருந்தா உடனே கவுன்சலரையோ மனநல மருத்துவரையோ பாருங்க. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

அந்த நிலையில் இருப்பது உங்க ஃப்ரெண்டாக இருந்தா? இங்கேதான் வட்டத்தில் பழகின பழக்கம் கை கொடுக்கும். "வாழ்க்கையே வெறுத்துப்போச்சுடா" என்று ஒருத்தர் சொன்னா, நம்ம வாயில் முதலில் என்ன வரும்? "அட விடு மச்சி, இதெல்லாம் ஒரு மேட்டரா? வா, டீ சாப்பிடலாம்." நல்ல மனசோட சொல்றதுதான். ஆனா அதுவும் ஒரு 'ஆனா'தான். நீட்டின கையைத் தட்டிவிடுற மாதிரி.

அதுக்காக 'ஆமா, வெறுப்பாத்தான் இருக்கு' என்று அந்த இருட்டுக்குத் தலையாட்டச் சொல்லலை. அவர் சொன்னது காதில் விழுந்தது என்று காட்டுங்க. "சரிடா... எப்போலேருந்து இப்படி இருக்கு?" என்று கேளுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு, காதைத் திறந்து வையுங்க. சந்தேகம் வந்தா, "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது என்பதை மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்றாங்க. 'ஆமா' என்று பதில் வந்தா தனியா விட்டுட்டுப் போகாதீங்க. கூடவே இருந்து 14416-க்கு நீங்களே போன் போடுங்க. பெரியவங்க ஒருத்தரிடம் சொல்லுங்க. 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்க. நட்பு கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கலாம்.

மறுபடியும் 37

சரி, நம்ம 37-க்கு வருவோம். ஒரு மாசம் ஸிப் ஸாப் விளையாடினதும் அவர் மைக்கைப் பிடிச்சுப் பொளந்து கட்டிடுவார் என்றெல்லாம் சொல்லலை. அடுத்த செமினாரிலும் அவர் தடுமாறலாம். பேப்பர் ஆடலாம்.

ஆனா இந்தத் தடவை கடைசி பெஞ்சில் இருப்பது அவரோட வட்டத்தில் நின்ன 7 பேர். தாங்களும் உளறி, கையைத் தூக்கிக் கத்தினவங்க. அங்கிருந்து 'க்ளுக்' சத்தம் வராது. "பரவாயில்லடா, அடுத்ததைச் சொல்லு" என்று ஒரு குரல் வரும்.

37-ஓட பயம் 37-ஓட தனிச் சொத்து இல்லை ஃப்ரெண்ட்ஸ். அதில் அந்த 'க்ளுக்'குக்கும் பங்கு இருக்கு. நீங்க 37-ஆ, கடைசி பெஞ்சா என்பது முக்கியமே இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் லாஸ்ட் ஹவர் முடிஞ்சதும் 8 பேரைச் சேருங்க. பெஞ்சை ஓரம் தள்ளுங்க. வட்டமா நில்லுங்க.

யாராவது முதல்ல சொதப்பணுமே... அது நீங்களாவே இருங்களேன்!